ஆடு மேயாத கடல்

நகரியில் பிறந்தவனுக்குத் திருமலை பக்கத்து வீடு மாதிரி. எத்தனை தடவை ஏறினேன் என்று கணக்கில்லை. ஆனால் மலைப்பாதையில் பாறையோரம் இருக்கும் அந்தப் பலகையைப் போன மாசம்தான் நின்று படித்தேன். கீழே கிரானைட், மேலே எங்கள் ஊர்ப் பேரையே சுமக்கும் நகரி குவார்ட்சைட். இரண்டும் சேரும் கோட்டில் சுமார் 80 கோடி வருஷத்துப் பாறைப் பதிவு காணாமல் போயிருக்கிறது. உள்ளங்கையை வைத்தால் ரெண்டு பக்கமும் படுகிறது!

அந்தக் கிறுக்கில் மாமாவைக் கிளப்பிக்கொண்டு கடப்பா பக்கம் போனேன். மாமாவுக்குப் புத்தூரில் கல் கடை. முப்பது வருஷமாகக் கடப்பா கல்லை அடிக் கணக்கில் விற்பவர். "கல்லு காட்ட நீ என்னக் கூட்டிட்டுப் போறியா?" என்று சிரித்துக்கொண்டே ஏறினார். ரேணிகுண்டா, கோடூர், ராஜம்பேட்டை என்று இடது பக்கம் மலை கூடவே வந்தது. வழியில் வெயிலைத் தவிர சொல்ல ஒன்றுமில்லை.

வேம்பல்லெ தாண்டி ஒரு மேடு. சாம்பல் நிறப் பாறை முழுக்கப் புடைப்பு புடைப்பாக இருந்தது. மாமா குனிந்து பார்த்து, "பாலிஷ் நிக்காது" என்றார். பாட்டில் தண்ணீரை வாங்கி ஒரு புடைப்பின் வெட்டுவாயில் ஊற்றினேன். ஈரம் பட்டதும் கோடுகள் எழுந்து வந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக நூறு வளைவு இருக்கும். முட்டைக்கோஸை இரண்டாக அரிந்து வைத்த மாதிரி. மாமா பேசவில்லை, மீதித் தண்ணீரையும் அவரே அடுத்த புடைப்பில் ஊற்றினார்.

இதன் பெயர் ஸ்ட்ரோமட்டோலைட். ஆழமில்லாத கடலடியில் நீலப்பச்சைப் பாசி, அதாவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள், வழவழப்பான படலமாகப் படரும். அதில் மண் துகள் ஒட்டும், சுண்ணாம்பு படியும். மூடிக்கொண்டால் வெளிச்சம் கிடைக்காதே, அதனால் படலம் அதற்கு மேலே ஏறிப் படரும். ஒவ்வொரு கோடும் அப்படி ஒரு ஏற்றம். புலிவெந்துலா அருகே, இந்தப் பாறைக்கு மேலிருக்கும் அடுக்கினுள் புகுந்து உறைந்த தீக்குழம்புக்கே வயது ஏறக்குறைய 189 கோடி வருஷம். அப்படியென்றால் இது அதற்கும் மூத்தது. தும்மலபல்லெ யுரேனியம் சுரங்கமும் இதே வேம்பல்லெ பாறையில்தான்.

மேட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்து, "வட்டி ராள்ளே கதா சார்" என்றார். வெறும் கல்தானே என்கிறார். 'வட்டி' காதில் விழுந்ததும் மாமா நிமிர்ந்தது தனிக் கதை.

எனக்கு அவருடைய ஆடுகள்தான் விஷயத்தைப் புரியவைத்தன. இந்தப் புடைப்புகள் வளர்ந்த காலத்தில் மேய ஒரு பிராணி கிடையாது. கண்ணுக்குத் தெரிகிற விலங்கின் தடயம் சுமார் 57 கோடி வருஷத்துக்கு முன்புதான் வருகிறது. கொறிக்கவும் குடையவும் வாய் வந்தபின் பாசிப் படலம் பல இடங்களில் நிலைக்கவில்லை. இன்று ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் உயிரோடு வளர்கிறது. அங்கே தண்ணீரின் உப்பு சாதாரணக் கடலைப்போல் இரண்டு மடங்கு, நத்தைகளுக்கு ஆகாது.

"நம்ம நாட்டுல அந்த மொதல் விலங்கு கெடைக்கலையா?" என்று மாமா கேட்டார். பீம்பேட்கா கதையைச் சொன்னேன். அங்கே குகைப் பாறையில் டிக்கின்சோனியா என்ற ஆதி விலங்கு பதிந்திருக்கிறது என்று 2021-ல் உலகமே பேசியது. 2023-ல் வேறு ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தால், உதிர்ந்துபோன தேன்கூட்டின் தடம்! மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சந்தேகமாகக் காலடிப் புடைப்பை ஒரு தட்டு தட்டினார்.

ராத்திரி புத்தூர் வீட்டில் டார்ச்சோடு சமையல் மேடையைத் துழாவிக்கொண்டிருந்தார். "இதுல கோடே இல்லையேடா?" அந்தக் கறுப்புக் கல் நார்ஜி சுண்ணாம்புக் கல், பிற்பாடு வந்த வேறொரு கடலுடையது என்றேன்.

"எந்தக் கடலா இருந்தா என்ன, நகருங்க" என்றார் அத்தை. "தோசை கருகுது."