ஐபி முகவரியில் முன்னால் வரும் பூஜ்ஜியம்: பட்டுத் தெரிந்துகொண்டது

எங்கள் கிடங்கில் கேமரா மாட்டிக் கொடுத்த நிறுவனம், ஐபி முகவரிகளை (வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண் முகவரி) ஓர் எக்ஸெல் பட்டியலாகத் தந்துவிட்டுப் போனது. மாட்டும் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வில்லங்கம் பட்டியலில்தான். வரிசையாக அடுக்க வசதி என்று, எல்லா எண்ணையும் பூஜ்ஜியம் போட்டு மூன்று இலக்கமாக நிரப்பியிருந்தார்கள்: 192.168.010.025 என்கிற மாதிரி.

லினக்ஸ் கணினியில் அதை அப்படியே அடித்தால் ஒரு கேமராவும் வரவில்லை. போன் செய்தால் ஒரே பதில்: "கேபிளை மாத்திப் பாருங்க சார்." மாற்றினேன். காசும் போனது, ஒரு சாயந்திரமும் போனது. கொடுத்த பட்டியலை ஒருமுறை பார்க்கிறோம் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. அதுதான் இன்னும் ஆறவில்லை.

இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையைக் கொடுத்தபோது வந்த முதல் வரியில் விடை இருந்தது. நான் அடித்தது 192.168.010.025. பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் அது காட்டியது 192.168.8.21! முன்னால் பூஜ்ஜியம் இருந்தால் அதை ஆக்டல், அதாவது எட்டை அடிமானமாகக் கொண்ட எண், என்று எடுத்துக்கொள்வது சி நிரல்மொழியிலிருந்து வரும் பழைய வழக்கம். அப்படிப் பார்த்தால் 010 என்பது 8. 025 என்பது இரண்டு எட்டும் ஐந்தும், 21. பட்டியலில் 089 என்று முடிந்த முகவரிக்குப் பிழைச் செய்திதான் வந்தது. ஆக்டலில் 8, 9 என்ற இலக்கங்களே கிடையாதே.

பூஜ்ஜியங்களை எடுத்துவிட்டு 192.168.10.25 என்று அடித்தேன். வாசல் கேமரா உடனே திறந்தது. அப்பாடா!

எல்லா மென்பொருளும் ஒரே மாதிரி படிப்பதில்லை என்பது இன்னொரு தொல்லை. பைத்தான் என்ற நிரல்மொழியின் ஐபி முகவரி நூலகம் சில பதிப்புகளில் 010-ஐப் பத்து என்றே ஏற்றுக்கொண்டது. சரிபார்க்கும் மென்பொருளுக்கு ஒரு முகவரி, இணைக்கும் மென்பொருளுக்கு வேறு முகவரி என்றால் அது பாதுகாப்பு ஓட்டை. 2021-இல் அப்படித்தான் அறிவித்தார்கள். 3.9.5 பதிப்பிலிருந்து அது இத்தகைய முகவரிகளை ஏற்பதே இல்லை.

பட்டியலைத் திருத்தும்போது கவனம். எக்ஸெலில் ".0" என்பதைத் தேடி மொத்தமாக "." என்று மாற்றினால் 10.0.0.5 போன்றவை உருக்குலைந்துவிடும். தனியாக நிற்கும் பூஜ்ஜியம் இருந்தாக வேண்டும்.

ஐபி முகவரியின் புதிய வடிவமான ஐபிவி6-இல் இந்த ஆக்டல் குழப்பம் இல்லை. 0042-உம் 42-உம் ஒன்றே. முன் பூஜ்ஜியத்தை நீக்கி, சிறிய எழுத்தில் எழுதச் சொல்கிறது 2010-இல் வந்த ஆர்எஃப்சி 5952 என்ற இணைய நெறிமுறை ஆவணம். ஆனால் எல்லாரும் அப்படி எழுதுவதில்லை. லாக்கில் (கணினியின் பதிவுக் கோப்பில்) தேடும்போது இரண்டு வடிவத்தையும் போட்டுத் தேடுங்கள்.