அந்த அம்மா கொடுத்தனுப்பிய உப்பும் மிளகும்

ரத்தப் புற்றுநோய்க்கான மருந்தை நிறுத்திய பிறகும் மகளின் ரத்தப் பரிசோதனை நல்லபடியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்ன வாரமே வைத்தீஸ்வரன் கோவிலுக்குக் கிளம்பிவிட்டோம். மாவிளக்கு, உப்பு மிளகு, மொட்டை எல்லாம் பாக்கி. மொட்டை எனக்குத்தான். கீமோவில் கொட்டிய அவள் முடி இப்போதுதான் சுருள் சுருளாக வந்திருக்கிறது. "அவள் முடி போதும் தாயே, இனி என் முடியை எடுத்துக்கோ" என்றுதான் அன்றைக்கே வேண்டியிருந்தேன்.

நாங்கள் போனது செவ்வாய்க்கிழமை. கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம். அதைவிடக் கொடுமை, வண்டியை விட்டு இறங்கியதும் சூழ்ந்துகொண்ட நாடி ஜோதிடத் தரகர்கள். முகக்கவசம் போட்ட பிள்ளையைப் பார்த்ததும் ஒருவர், "பூர்வஜென்ம தோஷம்மா, பரிகாரம் பண்ணாட்டி திரும்ப வரும்" என்றார், அவள் காதுபட. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யார் வீட்டுப் பாவம், யார் செய்த வினை என்று உறவுக்காரர்கள் கேட்ட கேள்விகளையே இன்னும் எங்களால் மறக்க முடியவில்லை. இந்த ஏ.எல்.எல். ரத்தப் புற்றுநோய் பெற்றவர்கள் செய்த எதனாலும் வருவதில்லை என்று டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்ன பிறகுதான் நானும் இவரும் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்த்தோம். சந்நிதித் தெருவில் காசுக்காக ஒருவர் அதைக் கலைக்கப் பார்க்கிறார். கோயில் வாசலில் இதைத் தடுக்க ஆளில்லையா?

உள்ளே போனதும் எல்லாம் அடங்கியது. வின்கிறிஸ்டின் என்ற கீமோ ஊசியில் பாதம் தொய்ந்துபோய், மாதக்கணக்கில் இவர் தோளிலேயே கிடந்த பிள்ளை. அந்த நீளப் பிரகாரத்தைத் தன் காலால் சுற்றி வந்தாள். சித்தாமிர்தத் தீர்த்தத்தைத் தலையில் மட்டும் தெளித்தேன், குடிக்க விடவில்லை. காய்ச்சல் 100.4 காட்டினாலே இரவென்று பாராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடிய பழக்கம், சாமி தீர்த்தமானாலும் விடாது. வைத்தியநாதன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

என் பையில் உப்பு மிளகுப் பொட்டலங்கள் நிறைய இருந்தன. வார்டில் கூட இருந்த அம்மாக்கள் கொடுத்தனுப்பியவை. ஒவ்வொன்றின் மேலும் பிள்ளையின் பெயர், நட்சத்திரம். ஒன்றில் மட்டும் எதுவும் எழுதவில்லை. அதைக் கொடுத்தவரின் மகன் போன ஆவணியில் போய்விட்டான். கேட்டை நட்சத்திரம்.

நாங்கள் வார்டுக்குப் போன புதிதில் ரிப்போர்ட்டில் எந்த ரத்த அணு கவுண்டைப் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். ஸ்டீராய்டு பசியில் நடுராத்திரி என் மகள் சாதம் கேட்டு அழும்போது, தன் பிள்ளைக்கு வைத்திருந்த டிபன் டப்பாவைத் திறந்து ஊட்டியவர். ரத்தத் தட்டணு (பிளேட்லெட்) கொடுக்க ஆள் கிடைக்காமல் நாங்கள் தவித்த அன்று தன் தம்பியைக் கூப்பிட்டு அனுப்பியவர். முதுகு ஊசி நாட்களில் அறைக்கு வெளியே நாங்கள் எல்லோரும் கைகோத்து உட்கார்ந்திருப்போம். யாரும் பேச மாட்டோம். மகன் போன பிறகு அவர் அந்தப் பக்கம் வரமாட்டார் என்றே நினைத்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், மிச்சமிருந்த சத்துமாவையும் புது முகக்கவசங்களையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"யார் பேருக்குக்கா போடணும்?" என்று பொட்டலத்தை வாங்கும்போது கேட்டேன். "என் புள்ள படுத்திருந்த கட்டில்ல இப்ப எந்தப் புள்ள கெடக்குதோ, அதுக்குப் போடு தாயி" என்றார்.

தையல்நாயகி அம்பாள் சந்நிதியில் குருக்கள் ஒவ்வொரு பெயராகக் கேட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். பூசம், அஸ்தம், ரேவதி. கடைசியில், "பேரும் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது சாமி. ஆஸ்பத்திரியில இருக்குற ஒரு குழந்தை" என்றேன். அதற்குமேல் எனக்குக் குரல் வரவில்லை. அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "அம்பாள் பேருக்கே பண்ணிடறேன்மா" என்று திரும்பினார்.

சுவாமி வைத்தியராக வந்தபோது தைலப் பாத்திரத்தையும் சஞ்சீவியையும் வில்வத்தடி மண்ணையும் சுமந்துகொண்டு கூடவே வந்தவள் அவள். கதையாகக் கேட்டு வளர்ந்ததுதான். அன்று தீபாராதனை வெளிச்சத்தில் அந்த முகத்தைப் பார்த்தபோது, பிளாஸ்க், ஃபைல், மாத்திரை டப்பா, தெர்மாமீட்டர் என்று தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடக்கும் எங்கள் அம்மாக்கள் எல்லோரும் அங்கே நிற்பதுபோல இருந்தது. வைத்தியம் அவன் செய்வான். ராத்திரி மாத்திரையை நேரம் தவறாமல் கொடுக்க அவள் வேண்டும். அவள்தானே எங்களுக்குள் இருந்து கொடுத்தாள்! கண்ணீர் நிற்கவே இல்லை. பின்னால் கூட்டம் நெருக்கியும் கால் நகரவில்லை.

அந்த இடத்திலேயே இன்னும் இருவரை நினைத்துக் கும்பிட்டேன். எங்கள் புதுக்கோட்டையில் பிறந்து, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து, 1954-ல் அடையாறில் அந்தப் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 2021-ல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்த டாக்டர் சாந்தா. தையல்நாயகி எந்தெந்த உருவத்தில் வருவாள் என்று யார் கண்டது?

கோயிலின் மருந்துப் பிரசாதமான திருச்சாந்துருண்டையும் விபூதியும் வாங்கி எல்லா அம்மாக்களுக்கும் அனுப்பியாகிவிட்டது. டாக்டரைக் கேட்காமல் பிள்ளைகள் வாயில் எதையும் போட வேண்டாம் என்று உள்ளே எழுதி வைத்தேன். சித்திரை இரண்டாம் செவ்வாய்க்கு எங்கள் பக்கத்து நகரத்தார் நடந்து வருவார்களே, அவர்களோடு சேர்ந்து நானும் வருவதாகச் சொல்லியிருக்கிறேன். அந்த அக்காவும் வருகிறார். எங்கள் கால்களுக்குத் தெம்பு கொடு தாயே. அந்தக் கட்டிலில் கிடக்கும் பிள்ளையை எழுப்பி நடக்கவிடு.