அக்குளில் ஒரு கருப்புப் பொருக்கு

பெரியப்பாவுக்கு ஒன்பது நாள் காய்ச்சல். டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைஃபாய்டும் இல்லை. பரிசோதனைகளுக்கே ஏழாயிரம் ரூபாய் கரைந்துவிட்டது. பத்தாம் நாள் பார்த்த இளம் மருத்துவர், "கையைத் தூக்குங்கள் ஐயா" என்றார். அக்குளில் பீடிச் சூடு பட்டதுபோல், வலியே இல்லாத ஒரு கருப்புப் பொருக்கு. ஸ்க்ரப் டைஃபஸ்! புதர்களில் இருக்கும் நுண்ணிய உண்ணிப்பூச்சி கடித்து வருவது. விலை மலிந்த டாக்சிசைக்ளின் மாத்திரைதான் கொடுத்தார். இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது.

எல்லோருக்கும் இந்தப் பொருக்கு வராது. வராதவர்களுக்கு எலைசா ரத்தப் பரிசோதனை தேவை. நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பில் ஏற்றுவதே மேல் என்று, வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் காட்டியது. எனக்குப் பெருமையாக இருக்கிறது.

மழை தொடங்கிவிட்டது. வயலுக்குப் போய்வருபவருக்குக் காய்ச்சல் என்றால் அக்குளையும் தொடையிடுக்கையும் பார்க்கச் சொல்லுங்கள்.