பால் டின்னும் அரை லிட்டர் தண்ணீரும்

களப்பயணம் என்றால் வண்டி பிடிக்க வேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். செங்கல்பட்டுப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். சேர்ந்த புதிதில் ஒரு ஜனவரி மாதம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அறுபது பேரையும் வேடந்தாங்கலுக்கு அழைத்துப் போனேன். ஆளுக்கொரு கேள்வித்தாள், அதில் இருபது கேள்விகள். திரும்பி வந்து திருத்த உட்கார்ந்தால் அறுபது தாளிலும் ஒரே விடை. கூழைக்கடாவை ஒருவன் ‘கூழக்காடா’ என்று எழுதியிருந்தான்; அந்தப் பிழைகூட பெஞ்சு பெஞ்சாகப் பரவியிருந்தது. அவர்களுக்கு நினைவில் நின்றது வழியில் சாப்பிட்ட தக்காளி சாதம்.

பறவைகள் மேல் குற்றமில்லை. இருபது கேள்வி கேட்டது என் தப்பு. இப்போதெல்லாம் ஒரே கேள்வியோடு, பள்ளி மதிலுக்குள்ளேயே தொடங்குகிறேன்: மழை பெய்தால் நம் பள்ளித் தண்ணீர் எங்கே போகிறது?

இதற்குப் பெரிய செலவில்லை. இரண்டு பக்கமும் வெட்டி எடுத்த பால் பவுடர் டின், ஒரு மரக்கட்டை, சுத்தியல், அரை லிட்டர் தண்ணீர், கைக்கடிகாரம். டின்னின் மேல் கட்டையை வைத்துத் தட்டி, மண்ணுக்குள் நான்கு விரற்கடை இறக்க வேண்டும். தண்ணீரை ஊற்றி, முழுக்க இறங்க எவ்வளவு நேரம் ஆகிறதென்று பார்க்க வேண்டும். காய்ந்த மண் முதல் ஊற்றில் தாறுமாறாகக் குடிக்கும். அதைக் கணக்கில் சேர்க்காமல் இரண்டாவது ஊற்றை எழுதச் சொல்லுங்கள்.

வேப்பமரத்தடியில் மூன்று நிமிடத்தில் இறங்கிவிட்டது. விளையாட்டு மைதானத்தில் சாப்பாட்டு மணி அடித்த பிறகும் பாதித் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. ஆனால் ஒரு குழு மட்டும் மைதானத்துக்கு ‘4 நிமிடம்’ என்று எழுதிவந்தது. “தப்பு, திரும்பச் செய்” என்று வாய் வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, “வாங்க, போய்ப் பார்ப்போம்” என்றேன். கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி குனிந்து பார்த்துவிட்டு, “டீச்சர், டின்னைச் சுத்தி ஈரமா இருக்கு” என்றாள். கெட்டித் தரையில் டின் சரியாக இறங்காமல் அடிவழியே ஒழுகியிருக்கிறது. களிமண்ணைப் பிசைந்து விளிம்பை அவர்களே அடைத்தார்கள். அளவு தப்பாக வந்தால் அதை அழிக்க விடாதீர்கள். ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, ஏன் தப்பு என்று பக்கத்தில் எழுதட்டும். என் வகுப்பில் களக் குறிப்பேட்டுக்கு ரப்பர் கிடையாது.

மறுநாள் கரும்பலகைக் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். மைதானத்தைப் பிள்ளைகளே நாடா பிடித்து அளந்தார்கள், சுமார் 2,000 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழைக்கே 20,000 லிட்டர் விழும். மண் குடிக்காத தண்ணீர் கேட் வழியாகத் தெருச் சாக்கடைக்கு ஓடுகிறது, சாக்கடை ஏரியில் விழுகிறது. கணக்கு இந்த இடத்துக்கு வந்த பிறகுதான் ஏரிக்குப் போகிறோம். அதற்குள் ‘ஏரிக்குப் போகலாமா?’ என்று அவர்களே கேட்டுவிடுவார்கள்.

ஏரிக்கு முந்தின நாள் நீங்கள் ஒருமுறை தனியாக நடந்துவிட்டு வாருங்கள். தலைமை ஆசிரியர் அனுமதி, பெற்றோர் கையெழுத்து, பத்துப் பேருக்கு ஒரு பெரியவர், இந்த மூன்றும் இல்லாமல் கிளம்ப வேண்டாம். தண்ணீரில் யாரும் இறங்கக் கூடாது. கயிறு கட்டிய வாளியில் மொண்டால் போதும். சாக்கடைத் தண்ணீரை நான்தான் கையுறை போட்டு எடுப்பேன்.

ஏரி, கிணறு, சாக்கடை என்று மூன்று பாட்டில்கள். குமிழி இல்லாமல் கழுத்துவரை நிரப்பி, மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயத்தைச் சம அளவு சொட்டுகள் விட்டு, மூடி, பீரோவுக்குள் இருட்டில் வைக்கிறோம். மீன்தொட்டிக் கடையில் மீனுக்கு மருந்தாக விற்கிறார்களே, அதேதான். அழுக்கைத் தின்னும் பாக்டீரியாக்கள் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டால் நீலம் வெளுக்கும். மறுநாள் காலை சாக்கடை பாட்டில் வெளுத்துப்போயிருந்தது. ஏரித் தண்ணீருக்கு மூன்று நாளானது. கிணற்றுத் தண்ணீர் அந்த வாரம் முழுக்க நீலமாகவே இருந்தது. வெளுத்த பாட்டிலைத் திறந்து கொஞ்சம் கொட்டி, மூடிக் குலுக்கினால் காற்று கலந்து நீலம் திரும்பும். “மறுபடி வருது டீச்சர்!” என்று பக்கத்து வகுப்பே ஓடிவந்தது. ஆக்சிஜன் என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்குக் கண்ணால் பார்க்கிற பொருளானது.

போர்ஷன் முடியாது என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். எனக்கு மொத்தம் ஆறு பாடவேளைதான் ஆனது. அதையே, பாடம் நடக்கும்போதே பிள்ளைகளை மதிப்பிடுகிற வளரறி மதிப்பீட்டுச் செயல்பாடாகவும் எழுதிக்கொண்டேன். நீர் மாசுபாடு பாடத்தை அதற்குப் பிறகு நடத்தியபோது பாதியை அவர்களே சொன்னார்கள். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு ஆய்வுத் தலைப்பு தேடுபவர்களுக்கும் இதுவே போதும். ஆனால் ஒரே இடத்தில், மாதம் ஒருமுறையாவது, நான்கைந்து மாதம் அளந்திருக்க வேண்டும். ஒரு நாள் அளவை வைத்து எழுதுகிற ஆய்வறிக்கை எனக்குப் பிடிப்பதில்லை.

இன்னொன்று. மெத்திலீன் ப்ளூ சட்டையில் பட்டால் லேசில் போகாது. வெள்ளைச் சட்டை போட்டுவரும் நாளில் செய்யாதீர்கள். என்னிடம் இரண்டு அம்மாக்கள் சட்டையோடு வந்து நின்றார்கள்.