பீமுக்குத் தகடு ஒட்டிய கதை

"ஏம்மா, தகடு எப்ப ஒட்டப் போறீங்க?" திருவான்மியூரில் கடற்கரைக்குப் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றின் சங்கச் செயலாளர் தினமும் காலையில் என்னிடம் கேட்ட கேள்வி இது. கார் நிறுத்துமிடத்தில் இரண்டு பீம்களின் அடிப்பகுதி பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. பயம் நியாயமானதுதான். ஆனால் பீமுக்கு வலுவூட்ட அதன் அடியில் எஃகுத் தகடு ஒட்டுவது அரை நாள் வேலை. அதற்கு முந்தைய பத்து நாள்தான் பீமைக் காப்பாற்றுகிறது.

கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலத்தை வைத்திருக்கும். கடற்காற்றின் உப்பு உள்ளே இறங்கினால் அந்தப் படலம் உடைந்துவிடும். துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அதனால் உள்ளிருந்தே தள்ளி, கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டைப் பிளக்கும். உடைத்த இடத்தில், காரம் இருந்தால் இளஞ்சிவப்பாகும் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்தோம். கம்பியைத் தாண்டி உள்ளே போன பிறகுதான் இளஞ்சிவப்பு வந்தது. அதுவரை காரம் போய்விட்டது என்று அர்த்தம். உப்பை இந்தச் சோதனை காட்டாது. அதற்குத் துளையிட்டுப் பொடி எடுத்து லேபுக்கு அனுப்பினோம்.

பலர் துருவின் மேலேயே பூசி, தகட்டையும் ஒட்டிவிடுகிறார்கள். எனக்கு இதில் கோபமே வரும். எபாக்சி பசை கான்கிரீட்டைவிடப் பலமானது. இழுத்தால் பசை விடாது, பின்னாலிருக்கும் கான்கிரீட்தான் பெயர்ந்து வரும். அதனால் கெட்டதை எல்லாம் கொத்தி எடுத்து, கம்பியைச் சுற்றிலும் துரு நீக்கி, புதுக் கலவை போட்டு, காய்ந்த பிறகு அதன் மேல் சிறு உலோக வட்டை ஒட்டி இழுத்துப் பார்த்தோம். சதுர மில்லிமீட்டருக்கு 1.5 நியூட்டனாவது தாங்கினால்தான் மேலே போவேன்.

அப்புறம் முட்டு. ஜாக்கி வைத்து பீமை லேசாகத் தூக்காமல் ஒட்டினால், ஏற்கெனவே இருக்கும் பாரத்தில் தகடு பங்கெடுக்காது. இனி வரும் பாரத்தை மட்டுமே தாங்கும். மேஸ்திரி அண்ணன் ஒவ்வொரு ஜாக்கியையும் கால் சுற்று கால் சுற்றாகத்தான் திருப்பினார். அந்தப் பொறுமைக்கே அவரைக் கும்பிடலாம்.

ஒட்டியது காலை ஆறு மணிக்கு. மே மாத வெயிலில் பசை சீக்கிரம் இறுகிவிடும். மணல் வீசிப் பளிச்சென்று சுத்தம் செய்த 5 மி.மீ. தகடு, நடுவில் 2 மி.மீ. பசை, முனைகளில் போல்ட். தகடு முதலில் உரியத் தொடங்குவது முனையில்தான், போல்ட் அதற்காகவே. மறுநாள் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன். ஓரிடத்தில் சத்தம் பொத்தையாகக் கேட்டது, உள்ளே பசை நிரம்பவில்லை என்று அர்த்தம். அங்கே துளையிட்டு எபாக்சி செலுத்தினோம்.

1991இல் சுவிட்சர்லாந்தின் இபாக் பாலத்தில் எஃகுக்குப் பதில் கார்பன் இழைப் பட்டையை ஒட்டினார்கள். அது துருப்பிடிக்காது. கடலோரத்துக்கு அதுதான் மேல் என்று செயலாளரிடம் முதலிலேயே சொன்னேன். சங்கத்தின் கையிருப்பு அவ்வளவு இல்லை. அதனால் தகட்டின் விளிம்பையெல்லாம் நன்றாக அடைத்து, மூன்று கோட் பெயின்ட் அடித்தோம்.

சாதாரண எபாக்சி 60 டிகிரி வாக்கிலேயே இளக ஆரம்பிக்கும். அதனால் கிளம்பும் முன் பீமுக்குப் பக்கத்தில் சிவப்புப் பெயின்டில் நானே எழுதினேன்: "இந்தத் தகட்டில் வெல்டிங் வைக்கக் கூடாது. துளை போடக் கூடாது."