காலூன்றி ஆடும் ஆட்டம்

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் வலது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. "இனி ஓட வேண்டாம், குதிக்க வேண்டாம், படிகளைக்கூடப் பார்த்து ஏறுங்கள்" என்றார் மருத்துவர். இருபத்தாறு ஆண்டுகள் மருத்துவமனை வார்டுகளில் நின்றே வேலை பார்த்த கால் அது. தினமும் மாலையில் அரை மணி நேரம் மெதுவாக நடக்கலாம் என்பது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த அனுமதி.

நான் இருப்பது லா சியோத்தாவில். பிரான்சின் தென்கரையில், மார்செய்க்குக் கிழக்கே உள்ள சின்னத் துறைமுக ஊர். நான் நடக்கும் வழியில் பாதித் தொலைவில், மரநிழலில், சரளை பரப்பிய ஒரு திடல் உண்டு. ஓரத்தில் ஒரு பெஞ்சு. அந்தப் பெஞ்சில் மூச்சு வாங்க உட்காரும்போதுதான் முதியவர்கள் இரும்புக் குண்டு எறிவதை ஒழுங்காகப் பார்க்கத் தொடங்கினேன். இந்த ஊருக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதுவரை அந்தச் சத்தத்தைக் கேட்டபடி கடந்து போயிருக்கிறேனே தவிர, நின்று பார்த்ததில்லை.

ஆறு வாரம் பார்த்தேன். ஒருநாள், கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் பெஞ்சருகே வந்து ஒரு குண்டை நீட்டினார். "மதாம், எத்தனை நாள் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள்? ஒன்று போட்டுப் பாருங்கள்." நான் முழங்காலைத் தொட்டுக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சொன்னார்: "அப்படியானால் இது உங்கள் ஆட்டம்தான். கால் முடியாத ஒருவருக்காகவே இந்த ஊரில் இதை உண்டாக்கினார்கள்."

என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன். பிறகு தெரிந்தது, அது உண்மை.

இந்தக் கரையோரத்தில் முன்பெல்லாம் ஆடியது புரோவான்ஸ் ஆட்டம். பதினைந்து முதல் இருபது மீட்டர் தொலைவுக்குக் குண்டை எறிய வேண்டும். எதிரியின் குண்டை அடித்து விலக்க வேண்டுமென்றால் மூன்று எட்டு வைத்து ஓடி, ஓட்டத்திலேயே எறிய வேண்டும். ஜூல் லெனுவார் என்பவர் அதில் கைதேர்ந்தவர். அவருக்கு மூட்டுவாதம் வந்தது. ஓட முடியவில்லை. நண்பர்கள் ஆட, அவர் ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கும்படி ஆனது. அங்கே காபிக்கடை வைத்திருந்த எர்னஸ்ட் பித்தியோவுக்கு அதைக் காணப் பொறுக்கவில்லை. தரையில் ஒரு வட்டம் வரைந்தார். இருவரும் அதற்குள் நின்று, இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி, குறைந்த தொலைவுக்கு எறிந்து ஆடினார்கள். 1907 என்று சிலரும் 1910 என்று சிலரும் சொல்கிறார்கள். அந்த ஆட்டத்துக்குப் புரோவான்ஸ் மொழியில் 'காலூன்றி' என்று பொருள்படும் சொற்களிலிருந்தே பெத்தாங்க் என்ற பெயர் வந்தது. இன்று உலகம் முழுவதும் ஆடுகிறார்கள். அனைத்துலகக் கூட்டமைப்பு 1958-ல் மார்செயில் தொடங்கப்பட்டது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது பித்தியோவின் செயல்தான். நண்பருக்கு ஆறுதல் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே போதும், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் நண்பருக்காக விதியையே மாற்றினார்.

விதிகள் எளியவை. வட்டத்தின் குறுக்களவு 35 முதல் 50 சென்டிமீட்டர். முதலில் கொஷொனே என்ற சிறிய மரக்குண்டை ஆறு முதல் பத்து மீட்டருக்குள் எறிவார்கள். அந்தச் சொல்லுக்குப் பன்றிக்குட்டி என்று பொருள். பிறகு இரும்புக் குண்டுகளை அதற்கு எவ்வளவு நெருக்கமாகப் போட முடியுமோ அவ்வளவு நெருக்கமாகப் போட வேண்டும். எதிரியின் மிக நெருங்கிய குண்டைவிட உங்களுடையவை எத்தனை உள்ளே இருக்கின்றனவோ அத்தனை புள்ளிகள். முதலில் 13 எடுப்பவர்கள் வெல்வார்கள்.

எளிது என்று எழுதிவிட்டேன். கைக்கு அது எளிதில்லை. உள்ளங்கை தரையைப் பார்த்திருக்க, குண்டைப் பின்சுழலோடு விடவேண்டும். அப்போதுதான் விழுந்த இடத்திலிருந்து வெகுதூரம் ஓடாமல் அடங்கும். எனக்கு அது வசப்பட நான்கு மாதம் ஆயிற்று. பெரியவர் முதல் வாரத்திலேயே ஒன்று சொன்னார்: "பன்றிக்குட்டியைப் பார்க்காதீர்கள். தொனேயைப் பாருங்கள்." குண்டு முதலில் தரையைத் தொடும் இடத்துக்குத்தான் தொனே என்று பெயர். எறிவதற்கு முன் திடலில் நடந்துபோய், எங்கே சரளை தடித்திருக்கிறது, எங்கே வேர் புடைத்திருக்கிறது என்று பார்த்து, ஓர் உள்ளங்கை அளவு இடத்தை மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில் விழுந்தால் மிச்சத்தை மண்ணே பார்த்துக்கொள்ளும். குண்டு நின்றபின் இலக்கை மட்டும் பார்த்து வருந்துகிறவர்கள் முன்னேறுவதில்லை என்பது அவர் கருத்து. என் அனுபவமும் அதுதான்.

குண்டுகளிலும் ஆளுக்கேற்ற வேறுபாடு உண்டு. எடை 650 முதல் 800 கிராம், குறுக்களவு 70.5 முதல் 80 மில்லிமீட்டர். நெருக்கிப் போடுகிறவர்கள் கனமானதும் சிறியதுமாக, வரிகள் வெட்டியதை விரும்புவார்கள். அடித்து விலக்குகிறவர்கள் எடை குறைந்த, சற்றுப் பெரிய, வழவழப்பானதைத் தேடுவார்கள். என் கை சிறியது; நான் முதல் வகை. எதிரியின் குண்டை அடித்துப் பறக்கவிட்டு, அது இருந்த இடத்திலேயே நம் குண்டு நின்றுவிட்டால் அதற்குக் காரோ என்று பெயர். மூன்று ஆண்டுகளில் எனக்கு அது இரண்டு முறை வாய்த்தது. இரண்டின் தேதியும் நினைவிருக்கிறது.

ஒரு புள்ளிகூட எடுக்காமல் 13-0 எனத் தோற்றவர்களுக்கு ஃபன்னி காத்திருப்பாள். திடலை ஒட்டிய அறைகளில் அவளுடைய படமோ சிற்பமோ இருக்கும். தோற்றவர் மண்டியிட்டு அவளது பின்புறத்தில் முத்தமிட வேண்டும் என்பது வழக்கம். மண்டியிட முடியாத எனக்கு அதிலிருந்து விலக்கு அளித்தார்கள். நான் கேட்கவில்லை. அவர்களாகவே முடிவு செய்தார்கள்.

இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டபின் வேறு நாடுகளில் என்னென்ன ஆடுகிறார்கள் என்று தேடத் தொடங்கினேன். தம்பி அயர்லாந்தில் கார்க் மாவட்டத்தில் இருக்கிறான். போன ஆண்டு ஜூனில் போனபோது, "அக்கா, உனக்குப் பிடித்தது ஒன்று காட்டுகிறேன்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கிராமத்துச் சாலைக்கு அழைத்துப் போனான். இருபுறமும் வேலிச்செடி, ஒரு கார் போகும் அகலம், நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்கள். சாலையில் குண்டெறியும் ஆட்டம். கார்க்கிலும் வடக்கே ஆர்மாவிலும்தான் அது வேரூன்றியிருக்கிறது. கார்க் மாவட்டத்தார் குண்டை 'பௌல்' என்கிறார்கள்; ஆர்மாவில் ஆட்டத்துக்கே 'புல்லட்ஸ்' என்று பெயர். திண்ணிய இரும்பு, 28 அவுன்ஸ், ஏறக்குறைய 800 கிராம். எங்கள் பெத்தாங்க் குண்டின் உச்ச எடைதான், ஆனால் டென்னிஸ் பந்தைவிடச் சிறியது. கையில் வாங்கியதும் அதன் கனம் தோளில் தெரிந்தது.

ஓடி வந்து, கையைச் சுழற்றி, குண்டைச் சாலையில் விட வேண்டும். நின்ற இடத்திலிருந்து மறுபடி. சில கிலோமீட்டர் நீளும் பாதையை யார் குறைந்த வீச்சில் முடிக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. சாலை வளைந்தால் வேலிக்கு மேலாகக் குண்டைப் பறக்கவிடுவதும் உண்டு. பார்க்க வந்தவர்கள் சாலையை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். குண்டு வரும் நொடியில் இரண்டாகப் பிரிந்து வழிவிடுவார்கள். எனக்கு நெஞ்சு படபடத்தது. அவர்களுக்கு அது பழகிய நடை.

அவ்வளவு தூரம் நடக்க எனக்கு முடியாது. ஒரு வளைவில், தாழ்ந்த கல்மதில் மேல் உட்கார்ந்துகொண்டேன். கூட்டம் வந்தது, குண்டு தரையில் உரசும் ஒலி வந்தது, கூச்சல் எழுந்தது. எல்லாம் என்னைத் தாண்டி வளைவுக்கு அப்பால் போய்விட்டன. வேலியில் ஒரு பறவை கத்துவது மட்டும் கேட்டது. சட்டென்று மனம் கனத்துவிட்டது. இங்கே எனக்கு இடமில்லை என்று தோன்றியது.

ஆனால் கூட்டம் போவதற்கு முன் ஒன்றைக் கவனித்திருந்தேன். எழுபது வயதிருக்கும் ஒருவர் வீரருக்கு முன்னால் போய், சாலையோரம் ஒரு பிடி புல்லைப் பிடுங்கி, தார்மேல் ஓரிடத்தில் வைத்தார். குண்டு எங்கே தரையைத் தொட வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. அவர்கள் அதை 'சாப்' என்கிறார்கள். இன்னொருவர் இன்னும் முன்னால் போய்க் கால்களை அகட்டி நின்று, இதற்கிடையே விடு என்று கோடு காட்டினார். எறிகிறவர் அந்தப் புல்லைத்தான் பார்த்து ஓடி வந்தார். எங்கள் வெல்டர் என் மனத்தில் குறிக்கச் சொன்ன அதே தொனே, இங்கே பச்சைப் புல்லாகச் சாலையில் கிடந்தது! சாலையின் ஒவ்வொரு மேடும் சரிவும் தெரிந்தவருக்கே அந்த வேலை. வீச முடியாத வயதில் அவர் ஆட்டத்தின் கண்ணாக இருந்தார். மதில்மேல் உட்கார்ந்து இதை நினைத்துக்கொண்டே இருந்தபோது தம்பி காரோடு வந்தான்.

ஜெர்மனியின் கிழக்கு ஃபிரிசியாவிலும் இதன் உறவான ஆட்டம் உண்டு. அங்கே சாலையோரம் முழுக்க நீர்க்கால்வாய்கள். உள்ளே விழுந்த குண்டை எடுக்க நீண்ட கம்பில் சிறு கூடையைக் கட்டி வைத்திருப்பார்கள். குளிர்காலத்தில் கைவண்டி இழுத்துக்கொண்டு குழுவாகப் போய் ஆடிவிட்டு, கடைசியில் கீரையும் இறைச்சியும் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். நான் இன்னும் பார்க்கவில்லை.

செப்டம்பரில் வெரோனாவுக்குப் போனேன். மகள் பதுவாவில் படிக்கிறாள், ரயிலில் பக்கம். 2003 முதல் அந்த ஊரின் பழைய தெருக்களில் தொகாத்தி என்ற தெருவிளையாட்டு விழா நடக்கிறது. அந்த வட்டார வழக்கில் தொகாத்தி என்றால் 'உன் முறை' என்று பொருள். இதைவிடப் பொருத்தமான பெயரை எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. 2022-ல் யுனெஸ்கோ இத்திட்டத்தை நல்ல பாதுகாப்பு முயற்சிகளின் பதிவேட்டில் சேர்த்தது. இத்தாலியோடு பெல்ஜியம், சைப்ரஸ், குரோவேஷியா, பிரான்ஸ் ஆகிய நாடுகளும் அதில் பங்காளிகள்.

வெரோனாக்காரர்களின் சொந்த ஆட்டம் ஸ்-சாங்கோ. இத்தாலியின் மற்றப் பகுதிகளில் லிப்பா என்பார்கள். கிட்டிப்புள் ஆடிய எவருக்கும் விளக்கம் தேவையில்லை: இரு முனையும் கூரான சிறு கட்டை, அதைத் தட்டி எழுப்பி, காற்றில் இருக்கும்போதே அடிக்க ஒரு நீளக் கழி. கல் பாவிய தெருவில் நரை விழுந்தவர்கள் இதை ஆடினார்கள், அதுவும் முழு மூச்சாக. சிறுவர்களுக்குச் செய்துகாட்டும் கண்காட்சியாக இல்லாமல் தங்களுக்காகவே ஆடினார்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் போன விளையாட்டில் யாருடைய முறையும் வருவதில்லை.

வடக்கிலிருந்து வந்த ஆட்டங்களில் இரண்டு எங்கள் கடற்கரைக்கே வந்துவிட்டன. ஒன்று சுவீடனின் குப். கோட்லாந்து தீவில் ரோனே என்ற ஊரில் 1995 முதல் அதற்கு உலகப் போட்டி நடத்துகிறார்கள். எதிரணியின் மரக்கட்டைகளைக் கம்பெறிந்து வீழ்த்தி, கடைசியில் நடுவே நிற்கும் ராஜாவைச் சாய்க்க வேண்டும். முந்திக்கொண்டு ராஜாவைச் சாய்த்தால் தோல்வி. பெட்டியில் வைக்கிங்குகளின் ஆட்டம் என்று அச்சிடுகிறார்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை, அதை அச்சிடாமலே விடலாம்.

மற்றது ஃபின்லாந்தின் மோல்க்கி. கரேலியாவின் பழைய க்யூக்கா என்ற எறிகட்டை ஆட்டத்திலிருந்து லாஹ்தி நகரில் 1996-ல் உருவாக்கப்பட்டது. க்யூக்காவுக்குக் கனத்த கழியைத் தொலைவிலிருந்து வீசும் தோள்வலு வேண்டும். மோல்க்கிக்கு மூன்று, நான்கு மீட்டர் போதும். எண்ணிட்ட பன்னிரண்டு கட்டைகள். ஒன்று மட்டும் விழுந்தால் அதன் எண். பல விழுந்தால் விழுந்த கட்டைகளின் எண்ணிக்கை. சரியாக 50 எடுக்க வேண்டும்; தாண்டினால் 25-க்கு இறங்கிவிடுவோம். பக்கத்து வீட்டு ஆறு வயதுப் பெண் போன கோடையில் 43-ல் நின்று, ஏழாம் எண்ணை மட்டும் தனியே சாய்த்து என்னை வென்றாள். லாஹ்தியிலும் யாரோ ஒருவர் பித்தியோவைப் போலத்தான் யோசித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பெத்தாங்க் விதிப்புத்தகத்தில் இப்போது ஒரு வரி இருக்கிறது. சக்கர நாற்காலியில் இருந்து எறிபவர், எறியும் கைப்பக்கச் சக்கரத்தை வட்டத்துக்குள் வைத்திருக்க வேண்டும். ஒரு கால் இல்லாதவர் ஒரு பாதத்தை மட்டும் உள்ளே வைத்து எறியலாம். அந்த வரியை எனக்கு வாசித்துக் காட்டியவர் வெல்டர்தான். மார்ச்சில் அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. குனிய முடியாது, கயிற்றில் கட்டிய காந்தத்தால் குண்டைத் தூக்கிக்கொள்கிறார். மே மாதம் முதல் சக்கர நாற்காலியில் வருகிறார். வட்டத்தை நான்தான் வரைகிறேன், அவருடைய வலது சக்கரத்துக்கு ஏற்ற சமதளம் பார்த்து.

நேற்று நாங்கள் இருவரும் ஓர் அணி. 12-11 வரை வந்து, அவருடைய கடைசிக் குண்டு ஒரு வேரில் பட்டுத் திரும்பியது. 13-12-ல் தோற்றோம். "தொனே சரியாகத்தான் இருந்தது, நீ பார்த்தாய் அல்லவா?" என்று வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார். பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. இன்று ஐந்து மணிக்கு மறு ஆட்டம்.