சேலம் இல்லாத கால அட்டவணைகள்

பள்ளி நாட்களில் பிடித்த பழக்கம் ஏதாவது இன்னும் விடாமல் இருக்கிறதா என்று நம் பழைய மாணவர் சங்க மலர்க் குழுவினர் கேட்டிருந்தார்கள். ஒன்று இருக்கிறது. அதனால் வீட்டில் ஓர் அலமாரி போய்விட்டது என்பது என் மனைவியின் கணக்கு. பழைய விமானக் கால அட்டவணைகளைச் சேர்ப்பதுதான் அது. எண்பதுகளில் நம்முடன் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. மதிய இடைவேளையில் வேப்ப மரத்தடியில் ஒரு சிறு கூட்டம் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்குமே, அதில் மிச்சமிருப்பவன் நான்.

சேலத்தில் அப்போது விமான நிலையம் கிடையாது. விமானங்களுக்கு மட்டும் குறைவில்லை. காரணத்தைக் காட்டிக் கொடுத்தவர் நம் பூகோள ஆசிரியர். அட்லஸில் சென்னையையும் கோயம்புத்தூரையும் அடிக்கோலால் இணைத்தார். கோடு ஏற்காட்டை உரசிக்கொண்டு போயிற்று. "தினமும் நம் தலைக்கு மேலேதான் போகிறான், ஒரு நாளும் இறங்க மாட்டான்" என்றார், ஏதோ அவருடைய உறவுக்காரர் வாசலோடு போய்விட்ட வருத்தத்தில்.

கண்ணால் பார்ப்பதோடு நின்றிருந்தால் இந்தப் பழக்கம் பத்தாம் வகுப்போடு போயிருக்கும். ஓமலூர் ரோட்டில் ஒரு டிராவல்ஸ் கடை இருந்தது. அங்கே இந்தியன் ஏர்லைன்ஸின் கால அட்டவணை ஆண்டுக்கு இரண்டு முறை புதிதாக வரும். உலகம் முழுவதும் அப்படித்தான்: மார்ச் கடைசி ஞாயிறு கோடைக்கால அட்டவணை, அக்டோபர் கடைசி ஞாயிறு குளிர்கால அட்டவணை. புதியது வந்ததும் பழையது எடைக்குப் போகும். அதற்கு முன்னால் நாங்கள் போய் நிற்போம். "காலாவதியானதை வைத்துக்கொண்டு என்னப்பா செய்வீர்கள்?" என்று கேட்டுக்கொண்டே கடைக்காரர் கொடுத்துவிடுவார்.

மெல்லிய தாள், இந்தப் பக்க அச்சு அந்தப் பக்கம் தெரியும். துரு ஏறிய ஸ்டேபிள் பின். எழுத்து கடுகளவு. கிழமைகளுக்குப் பெயர் இல்லை, எண்தான்: 1 என்றால் திங்கள், 7 என்றால் ஞாயிறு. 'நாளை எத்தனை?' என்று ஒருவன் கேட்க, '4' என்று மற்றவன் சொல்வான். வகுப்பில் மற்றவர்களுக்கு ஒன்றும் புரியாது. அதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வம். புறப்படும் நேரம், சேரும் நேரம், விமான எண், விமான வகை, நடுவில் இறங்கும் ஊர்கள். ஊர்ப் பட்டியலில் சென்னை உண்டு, கோவை உண்டு, மதுரை, திருச்சி உண்டு. சேலம் இல்லை. ஒவ்வொரு அட்டவணையிலும் அந்தப் பட்டியலைத்தான் முதலில் புரட்டுவோம், இல்லை என்று தெரிந்தும்.

ஆனாலும் அதை வைத்து ஒரு விளையாட்டு உண்டு. சென்னையில் புறப்படும் நேரத்தோடு அரை மணியைக் கூட்டினால் நம் ஊர் வானம். கோவையிலிருந்து வருவது என்றால் அதில் பாதி போதும். போயிங் 737 சொன்ன நேரத்துக்கு வந்தால் கணக்குப் போட்டவனுக்கு ஒரு தேன்மிட்டாய். வராவிட்டால் மணி அடித்துவிடும், கணித வகுப்புக்கு ஓட வேண்டும். வெண்கோடு இழுத்துக்கொண்டு போகும் விமானங்களை ஆட்டத்தில் சேர்ப்பதில்லை. அந்தக் கோடு விழ ஏறத்தாழ மைனஸ் 40 டிகிரி குளிர் வேண்டும். நம் பக்கத்து வானில் அந்தக் குளிர் 10 கிலோமீட்டருக்கு மேலேதான். கோவை விமானம் அவ்வளவு உயரம் ஏறி என்ன செய்யப் போகிறது? கோடு போட்டால் அது வெளிநாட்டுக்காரன்.

ஏற்காடு சுற்றுலாவில் எல்லோரும் படகுத் துறைக்கும் லேடிஸ் சீட்டுக்கும் ஓடுவார்கள். நாங்கள் சேர்வராயன் கோயில் உச்சிக்குப் போக வேண்டும் என்று அடம்பிடிப்போம். கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேல். சேலத்தில் இருப்பதை விட விமானத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமாக நெருங்கிவிட்டோம் என்பது வாதம். விமானம் என்னவோ அதே அளவில்தான் தெரிந்தது.

இப்போது இருப்பது லண்டனில், ஹீத்ரோவை ஒட்டிய ஹவுன்ஸ்லோவில். விமானத்துக்கு இங்கே அண்ணாந்து பார்க்கவே வேண்டாம், காதே சொல்லிவிடும். இங்கே விமானப் பிரியர்களின் சந்தைகளில் பழைய அட்டவணைகள் பெட்டி பெட்டியாக விற்கும். பல நிறுவனங்களின் விமான நேரங்களை ஒன்றாகத் தொகுத்த, 1946-ல் தொடங்கிய ஏபிசி வழிகாட்டியின் கனத்த தொகுதிகளை மற்றவர்கள் அள்ளுவார்கள். நான் தேடுவது இந்தியத் தாள்களை. கையில் இருப்பதிலேயே எனக்குப் பிடித்தது அறுபதுகளின் ஒரு பக்கம், இரவுத் தபால் விமானச் சேவை. 1949-ல் தொடங்கியது. டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை நான்கிலிருந்தும் இரவில் புறப்படும் விமானங்கள் நள்ளிரவுக்கு மேல் நாகபுரியில் கூடும். தபால் மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் அவரவர் ஊர் திரும்பும். அந்தப் பக்கத்தில் நான்கு வரிகள்தான். ஒரு நாட்டின் கடிதப் போக்குவரத்தே அதில் இருக்கிறது. கைப்பேசித் திரையில் மஞ்சள் விமானங்கள் ஊர்வதைப் பார்த்து வளர்ந்த என் மகளிடம் காட்டினேன். "இதில் விமானம் எங்கே?" என்றாள்.

அவளைக் குறை சொல்வதற்கில்லை, நானும் அதைப் பார்ப்பவன்தான். விமானம் தானிருக்கும் இடத்தைத் தானே 1090 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் சொல்லிக்கொண்டு போகிறது. கூரையில் ஓர் ஆண்டெனா இருந்தால் யாரும் கேட்கலாம். ஆயிரக்கணக்கான ஆர்வலர்கள் கேட்டுச் சொல்வதைக் கோத்துத்தான் ஃபிளைட்ரேடார்24 போன்ற, விமானங்களைத் திரையில் காட்டும் தளங்கள் நடக்கின்றன. என் கூரையிலும் ஒன்று உண்டு. ஆனால் விமானம் எங்கே போயிற்று என்பதைத்தான் திரை சொல்லும். எங்கே போவதாக வாக்குக் கொடுத்தார்கள் என்பதற்குத் தாள்தான் வேண்டும்.

சேலத்துக்குக் கொடுத்த வாக்குகள் ஒரு தனிக் கதை. 1993-ல் காமலாபுரத்தில் விமான நிலையம் வந்தது; என்.இ.பி.சி. என்ற தனியார் விமான நிறுவனம் சிறிது காலம் பறந்து நின்றது. 2009 நவம்பரில் கிங்ஃபிஷர் வந்தது, 2011-ல் போனது. 2018 மார்ச் 25 அன்று சிறு ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் நிறுவனத்தின் சிறிய ஏடிஆர் விமானம் சென்னையிலிருந்து வந்தது. அதுவும் 2021-ல் நின்றது. 2023 அக்டோபரில் முதலில் அலையன்ஸ் ஏர், பிறகு 29-ஆம் தேதி இண்டிகோ. மார்ச் 25, அக்டோபர் 29 இரண்டும் என்ன கிழமை என்று பாருங்கள். ஞாயிறு, அதுவும் அந்தந்த மாதத்தின் கடைசி ஞாயிறு. டிராவல்ஸ் கடையில் நாங்கள் காத்து நின்ற அதே அட்டவணை மாறும் நாட்கள்!

இந்தக் கடைசி இரண்டுக்கும் அச்சிட்ட தாள் எனக்குக் கிடைக்கவில்லை. கணினியிலிருந்து நானே அச்செடுத்துக் கோப்பில் வைத்தேன். அது சேகரிப்பில் சேராது என்று இங்கே ஒரு நண்பர் வழக்காடுகிறார். சேலம் என்று போட்டிருக்கிறதா இல்லையா என்பதுதான் என் பதில்.

நமக்குள் ஒரு விண்ணப்பம். 1993-ஐ ஒட்டி சேலம் பெயர் போட்டு வந்த என்.இ.பி.சி. அட்டவணை ஒன்றுகூட என்னிடம் இல்லை. டிராவல்ஸ் நடத்தியவர்கள், அந்த விமானத்தில் போனவர்கள் வீட்டுப் பரணில் இருக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. சங்கச் செயலாளரிடம் கொடுத்தால் வந்து சேரும். தபால் செலவு என்னுடையது.